மிதிபட்ட கால் கொடுத்த வாக்கு

கண்ணாடிக்காரர் தன் தொழிலில் துளியும் நம்பாத சொல் ஒன்று உண்டென்றால் அது "பரவாயில்லை"தான். நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார். "பரவாயில்லைங்க" என்று பதில் வந்தால் மறுபேச்சில்லாமல் அந்த வில்லையைக் கழற்றிவிடுவார். பரவாயில்லை என்றால் சரியாகத் தெரியவில்லை, ஆனால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று பொருள். "தெரியுது!" என்று ஆள் தன்னை மறந்து கத்தும்வரை அவர் விடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதரின் மானம் அந்த ஒரே சொல்லால் சந்தி சிரித்தது.

எல்லாம் குழியிலிருந்து தொடங்கியது. கடைவாசலில், படியிறங்கினால் காலடியிலேயே ஒரு குழி. குடிதண்ணீர்க் குழாய் போடுவதாகச் சொல்லித் தொகுதி உறுப்பினர் வந்து முதல் மண்வெட்டியைப் போட்டார், கைதட்டினார்கள். பிறகு ஒருநாள் குழியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கம்பித் தடுப்பு வந்தது, அதற்கும் விழா. அப்புறம் "உங்கள் பாதுகாப்பே என் மூச்சு" என்று உறுப்பினர் சிரிக்கும் பலகை வந்தது, அதற்கும் ஒரு விழா. குழாய் மட்டும் வரவில்லை. கண்ணாடிக் கடைக்கு யார் வருவார்கள்? கண் தெரியாதவர்கள்தானே வருவார்கள். உள்ளே வரும்போது குழியில் விழுந்தார்கள். புதுக் கண்ணாடியோடு வெளியே போகும்போது குழியைப் பார்த்து, "இவ்வளவு பெரிசையா காணாம விட்டோம்!" என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் அக்காவே விழுந்தாள். அப்பா அம்மா போனபிறகு தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள், ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரலுக்கு டாக்டர்களே எழுந்து நின்ற காலம் உண்டு. கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில் தம்பியோடுதான் இருக்கிறாள். ஒரு சாயங்காலம் மருந்து வாங்கிக்கொண்டு வரும்போது, சிரிக்கும் பலகைக்குக் கீழே கால் தவறி, இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே எஃகுக் குண்டு வைத்துத் தைத்தார்கள். வாக்காளராக இருந்தவள் வாக்கரோடு நடப்பவளானாள்.

தேர்தல் அறிவித்த வாரம், கண்ணாடிக்காரர் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கையில், மைக்கோடு ஒரு டிவிக்காரனும் கேமராவோடு இன்னொருவனும் வந்து நின்றார்கள்.

"சார், ஒரே ஒரு கேள்வி. நம்ம உறுப்பினரோட அஞ்சு வருஷம் எப்படி?"

கேட்டுக்கொண்டே டிவிக்காரன் குழியைத் தவிர்க்க ஒதுங்கிப் பின்னுக்கு நகர்ந்தான். அவன் பூட்ஸ் குதிகால் கண்ணாடிக்காரரின் செருப்புக்கால் சுண்டுவிரலில் ஏறி உட்கார்ந்தது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஐயோ, ஸாரி சார், ஸாரி! மிதிச்சுட்டேனா?"

"பரவாயில்லை" என்றார் கண்ணாடிக்காரர்.

அதற்கப்புறம்தான் அவர் கேள்விக்குப் பதில் சொன்னார். குழியைச் சொன்னார், பலகையைச் சொன்னார், அக்காவின் இடுப்பைச் சொன்னார். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார். டிவிக்காரன் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனான்.

சாயங்காலம் அக்காவும் தம்பியும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். "உறுப்பினரோட அஞ்சு வருஷம் எப்படி?" என்ற கேள்வி வந்தது. உடனே கண்ணாடிக்காரரின் முகம், கண்ணில் தளும்பும் நீர், தழுதழுத்த குரலில் "பரவாயில்லை." அவ்வளவுதான். கீழே பட்டையில் "நெகிழ்ந்தார் எளிய வாக்காளர்" என்று எழுத்து ஓடியது. அப்புறம் சோப்பு விளம்பரம்.

அக்கா டிவியை நிறுத்தினாள்.

"அக்கா, சத்தியமா நான் அதைச் சொல்லல. அவன் என் காலை மிதிச்சான். அதுக்குத்தான் பரவாயில்லைன்னேன்."

"ஓகோ. மிதிச்சவன்கிட்ட பரவாயில்லைன்னு சொன்னியா?"

"ஒரு மரியாதைக்கு…"

"அது இன்னும் கேவலம்டா" என்றாள் அக்கா. "முப்பது வருஷம் வார்டுல தலபாடா அடிச்சுக்கிட்டேன். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு, பரவாயில்லைங்கறவனுக்கு நான் எங்க ஊசி போடறதுன்னு. என் வீட்டுலயே ஒருத்தன் இருந்திருக்கான்."

அத்தோடு அவள் தம்பியிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினாள். மறுநாளிலிருந்து, கண்ணாடிச் சட்டங்களை மாட்டிவைக்கும் பிளாஸ்டிக் மொட்டைத் தலையிடம்தான் பேசினாள். "மொட்டை, சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு சொல்லு." "மொட்டை, தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லு." ஒருநாள், "மொட்டை, சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிட்டு வந்தா பேசறேன்னு சொல்லு" என்றாள். மொட்டைத் தலை குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது. தாய்க்குத் தாயாக வளர்த்தவள் தன்னைவிட ஒரு பிளாஸ்டிக் தலையை மதிக்கிறாளே என்று மனம் வெந்தார்.

வார்த்தையைத் திரும்ப வாங்குவதற்குள் அது ஊர்வலம் கிளம்பிவிட்டது. சுவருக்குச் சுவர் அவர் படம். பக்கத்தில் உறுப்பினர் படம். நடுவில் கொட்டை எழுத்தில் "மக்கள் தீர்ப்பு: பரவாயில்லை!" ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் நன்றி சொல்ல நேரிலேயே வந்தார்.

"அண்ணே, நீங்க செஞ்ச உதவியை மறக்க முடியாது. மக்கள் காவலர், விடிவெள்ளி, ஏழைகளோட இதயம்னு எழுதி எழுதி எங்களுக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். ஒரு பய நம்பல. நல்லவர்னு சொன்னா சிரிக்கறாங்க. கெட்டவர்னு சொன்னா அதான் தெரியுமேங்கறாங்க. பரவாயில்லைன்னு சொன்னா தலையாட்டறாங்க. ஆட்டற தலையிலதானே அண்ணே ஓட்டு இருக்கு!"

"தம்பி, நான் என் காலைச் சொன்னேன்."

"அதேதான் அண்ணே. காலத்தைச் சொன்னீங்க. எங்க பொற்காலத்தை."

"காலம் இல்லப்பா, கால்! இந்தக் கால்!" செருப்பைக் கழற்றி, நகம் கறுத்த சுண்டுவிரலைக் காட்டினார்.

வட்டச் செயலாளர் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட வந்தவன் அதைப் படமெடுத்தான்.

"சரி, அந்தக் குழியையாவது மூடுங்க" என்றார் கண்ணாடிக்காரர், தோற்ற குரலில்.

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க. இருக்கற குழியை மூடிட்டா அடுத்த தேர்தலுக்கு வாக்குறுதியை எங்கருந்து தோண்டி எடுக்கறது?"

வேறு வழியில்லாமல் கண்ணாடிக்காரர் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி நல்ல மனிதர். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அவர் மிதிச்சப்ப வலிச்சுதா?"

"உயிரே போச்சு சார்."

"அப்ப ஏன் பரவாயில்லைன்னு சொன்னீங்க?"

"ஒரு மரியாதைக்குச் சொல்றதுதானே சார்."

"ஊர்ல பாதிப் பேர் மரியாதைக்குத்தான் ஓட்டும் போடறாங்க. அதை நாங்க செல்லாத ஓட்டுன்னு தள்ளறோமா? வாக்குன்னா வாக்குதான். கொடுத்தது கொடுத்ததுதான்." அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. அந்தச் சொல் இப்ப ஒரு வேட்பாளரோட பிரச்சார வாசகம். தேர்தல் முடியற வரைக்கும் கடை, அலுவலகம் மாதிரி பொது இடத்துல யாரும் அதைச் சொல்லக் கூடாது. உங்க கடையில நிறையப் பேர் சொல்றதாக் கேள்வி."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, மறுநாளே தேர்தல் பறக்கும் படையிலிருந்து ஒருவர் வந்து கடை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் வில்லையை மாட்டி, "எப்படி இருக்கு?" என்பார். நாற்காலியில் இருப்பவர் "பர…" என்று வாயெடுப்பார். படைக்காரர் எழுந்து நிற்பார். "பளபளன்னு தெரியுது சார், போதும், இதையே கொடுங்க" என்று ஆள் எழுந்து ஓடுவார். அப்படித் தப்பு வில்லையோடு போனவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டே குழியில் விழத் தொடங்கினார்கள். படைக்காரர் அதையும் கவனித்தார். விழுந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லாததால் நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை என்றார்.

எதிர்வேட்பாளர் சும்மா இருப்பாரா? ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று தெரிந்தபின் எல்லா இலுப்பையும் பூக்கத்தானே செய்யும். அவர் "தேவலை" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். கடைவாசலில், குழிக்கு அந்தப் பக்கம் மேடை போட்டுப் பேசினார்.

"தாய்மார்களே! அவர் பரவாயில்லையாம். நான் கேக்கறேன், அவரைவிட நான் தேவலையா இல்லையா? அவர் குழி தோண்டினார். நான் தோண்டினேனா? அவர் பலகை வெச்சார். நான் வெச்சேனா? எத்தனையோ வருஷமா பொதுவாழ்க்கையில இருக்கேன். நான் ஒரு செங்கல்லைத் தொட்டேன்னு என் எதிரி நிரூபிக்கட்டும், அரசியலை விட்டே போறேன்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தவர் குழியைத் தோண்டிய ஒப்பந்தக்காரர். அவர் உறுப்பினர் கூட்டத்திலும் இதே முன்வரிசையில்தான் உட்காருவார். இரண்டு மேடைக்கும் நாற்காலி அவருடையது.

உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது: "மொட்டை, எரியற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு கேளு!"

இதற்கு நடுவில் உறுப்பினர் தரப்பிலிருந்து அழைப்பு வந்தது. நகர மண்டபத்தில் "ஓரளவு விருதுகள்" வழங்கும் விழா, கண்ணாடிக்காரர் சிறப்பு விருந்தினர். மைக் கிடைக்கும், ஊரார் முன்னால் வார்த்தையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஓரளவு சிறந்த ஒப்பந்தக்காரர் விருது, தோண்டிய குழி இதுவரை தானாகச் சரியாததற்காக, ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது. ஓரளவு சிறந்த பள்ளிக்கான விருதை வாங்கிய தலைமையாசிரியர், பாதிப் பிள்ளைகளைத் தேறவைத்த பெருமையைச் சொல்லிவிட்டு, மீதிப் பாதியை அவர்களே கெடுத்துக்கொண்டார்கள் என்று தன்னடக்கத்தோடு முடித்தார். பிறகு உறுப்பினர் எழுந்தார்.

"சில பேர் வேலையைச் சிறப்பாச் செய்வாங்க. அதனால யாருக்கு லாபம்? பக்கத்துல நிக்கறவனுக்கு அவமானம். ஒருத்தன் நல்ல ரோடு போட்டா, மத்த ரோடெல்லாம் மோசம்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோகுது. வீண் மனக்கஷ்டம்! என் காலத்துல அந்தக் கஷ்டத்தை நான் யாருக்கும் கொடுக்கல. எல்லா ரோடும் ஒரே மாதிரி. இதுதான் சமத்துவம்!"

மண்டபம் அதிர்ந்தது. கண்ணாடிக்காரர் கையில் கேடயத்தைக் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவர் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான் பரவாயில்லைன்னு சொன்னது என் காலை. டிவிக்காரர் மிதிச்சார். இவரைப் பத்திச் சொன்னதை வெட்டிட்டாங்க. இவர் தோண்டின குழியில எங்க அக்கா இடுப்பு உடைஞ்சுது. இவர் பரவாயில்லை இல்லை. மோசம். ரொம்ப மோசம்."

உறுப்பினர் எழுந்துவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

"கேட்டீங்களா! கால் நசுங்கியிருக்கு, உயிர் போற வலி, அந்த நேரத்துலயும் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கார் இந்த மனுஷன்! இதைத்தான், இதை மட்டும்தான், என் வாக்காளர் ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் எதிர்பார்க்கறேன்!"

இதுவரை கேட்காத கைதட்டல் கேட்டது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீடு திரும்பிய கண்ணாடிக்காரர் கேடயத்தைக் குழியில் வீசினார். அது பிளாஸ்டிக், விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. டிவியில் கட்டிப்பிடித்ததை மட்டும்தான் காட்டினார்கள். அக்கா மொட்டைத் தலையின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

தேர்தலன்று பக்கத்து பேக்கரிக்காரர் விரலில் ஓட்டு மையோடு வந்து நின்றார். மனிதர் நாள் தவறாமல் குழியைத் திட்டுபவர். அவர் பேரனே இரண்டு தடவை விழுந்திருக்கிறான்.

"யாருக்குப் போட்டீங்க?"

"என்ன பண்றது, இவருக்கேதான் போட்டேன். இருக்கறதுல பரவாயில்லைன்னு பார்த்துப் போட வேண்டியதுதானே."

"உங்க பேரன் விழுந்தானே?"

"விழுந்தான். ஆனா அவர் வந்து பார்த்தாரே!"

உறுப்பினர் அமோகமாக ஜெயித்தார். ஜெயித்த கையோடு நன்றிக்கடனாக, ஒப்பந்தக்காரர் ஒரு சிமெண்டுப் பலகையைக் கொண்டுவந்து குழியின்மேல் போட்டார். அது குழியில் சரிபாதியைத்தான் மூடியது. மீதிப் பாதி அடுத்த கட்டப் பணியாம். திறப்புவிழாவுக்கு உறுப்பினரே வந்து பலகைமேல் ஏறி நின்றார். தெரு முழுக்கக் கூடியது.

அதே டிவிக்காரன் நேரலைக்கு வந்திருந்தான். மைக்கை நீட்டிக்கொண்டே வரிசையாகப் போனான். "முன்னைக்கு இப்ப பரவாயில்லைங்க" என்றார் பேக்கரிக்காரர். "பாதியாவது மூடினாரே, பரவாயில்லை" என்றாள் ஒரு பெண். குழியில் விழுந்து கைக்கட்டோடு நின்ற ஒருவர், கட்டிய கையைத் தூக்கியே "பரவாயில்லை" என்றார். கண்ணாடிக்காரர் சொன்னதையாவது வெட்டி ஒட்டினார்கள். இவர்கள் சொல்வதில் வெட்ட எதுவுமே இல்லை. எச்சில் இலைக்கு இத்தனை கும்பிடா என்று அவருக்கு ஊர்மேலேயே அருவருப்பு வந்தது. அந்த ஊரில் தானும் ஒருவன் என்பதால் தன்மேலும் வந்தது.

அக்கா வாக்கரைத் தட்டித் தட்டி வாசல்படி இறங்கித் தம்பி பக்கத்தில் வந்து நின்றாள்.

மைக் கண்ணாடிக்காரரிடம் வந்தது. அவர் முதலில் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சார், உங்க புகழ்பெற்ற வார்த்தையை இன்னொரு தடவை…"

"இது நேரலையா?"

"ஆமா சார்."

"வெட்ட முடியாதே?"

"முடியாது சார்."

"அப்ப கேட்டுக்குங்க. பாதி மூடின குழியும் குழிதான். பாதி நல்லவனை நான் பார்த்ததில்லை. அன்னிக்கு நான் சொன்னதை இப்பத் திரும்ப எடுத்துக்கறேன். இவர் மோசம். இவரை ஜெயிக்கவெச்ச நாம அதைவிட மோசம்."

டிவிக்காரன் வெலவெலத்துப்போனான். எதையாவது சொல்லிச் சமாளிக்க அக்கா பக்கம் அவசரமாகத் திரும்பினான். திரும்பிய வேகத்தில் அவன் பூட்ஸ் அவள் காலில் ஏறியது.

"ஐயோ, ஸாரிம்மா! ஸாரி!"

தெருவே அவள் வாயைப் பார்த்தது. உறுப்பினர் பலகைமேல் நின்றபடி, வரப்போகும் சொல்லுக்காகத் தயாராகப் புன்னகைத்தார்.

"வலிக்குது" என்றாள் அக்கா. வார்டுக்கே கேட்ட அந்தப் பழைய குரல். "காலை எடு."

"அம்மா, தெரியாம… பரவாயில்லைன்னு ஒரு வார்த்தை…"

"வலிக்குதுன்னு சொன்னேன். எடு காலை!"

அவள் டிவிக்காரனைப் பார்த்துச் சொல்லவில்லை. பலகைமேல் நின்றவரைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் குரலுக்கு டிவிக்காரன் காலை எடுத்தான். உறுப்பினரும் தன்னை அறியாமல் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பின்னால் இருந்தது அடுத்த கட்டப் பணி.

வட்டச் செயலாளர் குழியின் விளிம்பில் மண்டியிட்டு, "ஐயா! எப்படி இருக்கீங்க ஐயா?" என்று அலறினார்.

"பாதிக் குழிதானே, பரவாயில்லை" என்றார் பேக்கரிக்காரர் ஆறுதலாக.

குழிக்குள்ளிருந்து, ஐந்து வருஷத்தில் முதல்முறையாக, உறுப்பினரின் வாயிலிருந்து ஓர் உண்மை வந்தது.

"ஐயோ! வலிக்குதே!"

"ம், அப்படிச் சொல்லணும்" என்றாள் அக்கா. வாக்கரை நகர்த்தி விளிம்புக்கு வந்து எட்டிப்பார்த்தாள். "யாரும் இழுக்காதீங்க. இடுப்பா இருக்கும். டேய் தம்பி, நிக்கறியே, ஆம்புலன்சுக்குப் போன் போடுடா."

கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் திரும்பிக் கடைக்குள் பார்த்தார். மொட்டைத் தலை இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதனிடம் இல்லை, தன்னிடம்தான் சொல்லியிருக்கிறாள்.